செயற்கைக்கோளுக்கும் ஒரு பிடி வேண்டும்

2025 ஜனவரி 16 அன்று, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 470 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றோடொன்று இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடு என்று கொண்டாடினோம். கொண்டாடியதில் தவறில்லை. ஆனால், இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் அதைவிட முக்கியமான நாள்கள் பிறகுதான் வந்தன. மார்ச் 13 அன்று இரண்டும் பிரிந்தன. ஏப்ரல் 20 அன்று மறுபடி இணைந்தன. முதல் முறை 3 மீட்டர் தொலைவில் நிறுத்திப் பார்த்த பிறகே நெருங்கவிட்டார்கள். இரண்டாம் முறை கடைசி 15 மீட்டரையும் கலங்கள் தாமாகவே கடந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரமும் கடத்திக் காட்டப்பட்டது. பூட்டவும், திறக்கவும், மீண்டும் பூட்டவும் முடிகிற கருவி நம்மிடம் இருக்கிறது. விண்வெளி நிலையம், நிலவுப் பயணம் போன்ற பெரிய கனவுகளுக்கென்று மட்டும் அதை ஒதுக்கி வைக்காமல், சிறிய செயற்கைக்கோள்களுக்கான பொது இணைப்பு அளவு ஒன்றை அதிலிருந்து உருவாக்கி வெளியிட வேண்டும்.

ஏன் பொது அளவு? 1999-இல் அமெரிக்காவின் கால் பாலி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் 10 சென்டிமீட்டர் கனசதுரம் என்று ஓர் அளவை வகுத்தன. அதற்கேற்ற, சுருள்வில்லால் வெளியே தள்ளும் பெட்டியும் வந்தது. அதன் பிறகு மாணவர்கள் செய்த கோளுக்கும் எந்த ராக்கெட்டிலும் இடம் கேட்க முடிந்தது. 2017-இல் பி.எஸ்.எல்.வி. ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றதன் பின்னால் இந்த எளிய ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் அது இறக்கிவிடுவதற்கான ஒப்பந்தம் மட்டுமே. பெட்டியைவிட்டு வெளியேறிய கோளை மறுபடி தொட வழியில்லை. எரிபொருள் தீர்ந்தாலோ, ஒரு பாகம் பழுதானாலோ அது வெறும் குப்பை. 2020 பிப்ரவரியில் எம்.இ.வி.-1 என்ற கலம் இன்டெல்சாட் 901-ஐப் பிடித்து அதன் ஆயுளை நீட்டித்தது உண்மைதான். பிடிப்பதற்கென்று அதில் எதுவும் வைக்கப்படாததால், என்ஜினின் கூம்புவாயைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சிறிய கோள்கள் பலவற்றில் அந்த வாயும் கிடையாது.

எடை கூடும், செலவு கூடும் என்பது முதல் எதிர்வாதம். நியாயமானதுதான்: ஸ்பேடெக்ஸில் பயன்பட்ட கருவி 450 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, பத்துக் கிலோ கோளில் அதைப் பொருத்தச் சொல்வது கேலிக்கூத்து. ஆனால் மோட்டாரும் உணரிகளும் தேடி வரும் கலத்தில் இருந்தால் போதும். சிறிய கோளுக்கு ஒரு தகடு போதும். 2021-இல் ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் காந்தத் தகடு பொருத்திய 17 கிலோ கோளை இப்படித்தான் பிடித்துக் காட்டியது. தாழ்ந்த பாதையில் சுற்றுபவை சில ஆண்டுகளில் தாமே எரிந்துவிடுமே என்பார்கள். அவற்றுக்கு விலக்கு அளிக்கலாம். மேலே போனால் கதை வேறு. 2009-இல் ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம், காஸ்மாஸ் கோள்கள் மோதிச் சிதறியபோது பிறந்த துண்டுகளில் பல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பிடிக்கத் தெரிந்த கை பிறர் கோளையும் பிடிக்கும் என்ற அச்சம்தான் இவற்றில் கனமானது. ஆனால் பொது அளவு இல்லாததால் அந்தத் திறன் மறையப்போவதில்லை. யார், எப்போது, யாருடைய ஒப்புதலோடு நெருங்கலாம் என்ற விதியையும் அளவோடு சேர்த்தே எழுதுவதுதான் அதற்குப் பதில்.

2030-க்குள் குப்பை சேர்க்காத விண்பயணங்கள் என்று இந்தியா உறுதி கூறியிருக்கிறது. சிறிய ராக்கெட்டுகளுக்காகவே குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. தனியார் கோள்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் இன்-ஸ்பேஸ் அமைப்பிடம் இருக்கிறது. தகட்டின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி இஸ்ரோ வெளியிடட்டும். பிறகு, 500 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் கோள்களுக்கு அதை அனுமதியின் நிபந்தனையாக்கலாம். கல்லூரிகள் செய்யும் கோள்களுக்கான தகட்டின் விலையை அரசே ஏற்கட்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்புவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்; ஏவிய பிறகு தகடு ஒட்ட மேலே ஆள் அனுப்ப முடியாது.