எங்கள் வீட்டு டீச்சரம்மா

என் நாத்தனார் மகள் பி.எட். படிக்கிறாள் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? விலங்கியல் பட்டதாரி. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்கப்புறம் கைவளையல் இரண்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டிச் சேர்ந்தவள். முன்பெல்லாம் பி.எட். ஒரே வருஷம். 2015-லிருந்து இரண்டு வருஷமாக்கி விட்டார்கள். இரண்டாம் வருஷத்தில் 16 வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்தியாக வேண்டும். அவளுக்குக் கிடைத்தது எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஆகவே மூன்று வயதுப் பையனோடு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். காலையில் அவள் பள்ளிக்கு, பையன் என் இடுப்புக்கு!

அவள் மாமியாருக்கு இது பிடிக்கவே இல்லை. "இனிமே போனே பாடம் சொல்லிக் கொடுக்குதாம். எதைக் கேட்டாலும் பதில் சொல்லுதாம். இவ டீச்சராகி யாருக்கு என்ன சொல்லித் தரப்போறா?" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டாராம். கேள்வி என்னவோ கோபத்தில் வந்ததுதான். ஆனால் அசட்டுக் கேள்வி இல்லை. அவளே ஒரு ராத்திரி என்னிடம், "அத்தை, அவங்க சொல்றது நிஜமா இருந்தா?" என்று கேட்டாள்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது என் பையன் ஆறாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரு போனை இவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். 2019-லேயே கல்வித் தொலைக்காட்சி வந்திருந்ததால் பிழைத்தோம். பாடத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் "புரியலைம்மா" என்று அவன் சொன்னால் டி.வி. நிற்குமா? அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். பக்கத்தில் கரண்டியோடு நின்ற எனக்கும் புரியவில்லை. இதைத்தான் அவளிடம் சொன்னேன். "நீ நின்னு திரும்பிப் பார்க்கிற ஆளா இருடீ, போதும்."

கல்லூரியில் இதற்கென்றே கணினி, தகவல் தொழில்நுட்பம் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்களாம். எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். ஆனால் புரொஜெக்டரைத் தொட்டுப் பார்த்ததில்லை. அது பீரோவில் பூட்டியிருக்குமாம்! நீச்சலைப் புத்தகத்தில் படித்த கதைதான்.

பத்தாம் வகுப்பைப் பயிற்சிக்கு வருகிற பெண்களிடம் லேசில் விடமாட்டார்கள். அந்த அறிவியல் ஆசிரியை பெரிய மனசு பண்ணி இதயம் பாடத்தை மட்டும் இவளிடம் கொடுத்தார். இவள் ஒரு வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து தயார் பண்ணினாள். ஏன் ராத்திரி என்கிறீர்களா? போனைக் கண்டால் பையன் விடமாட்டான். இரண்டிலிருந்து நாலு வயது வரை உள்ள குழந்தைகள் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாமாம். பையன் தப்பித்தான், தாய்க்குக் கண் எரிச்சல். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கிற எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள் கண் டாக்டர்கள். எங்கள் வீட்டில் இருபது அடிக்கு எங்கே போவது? கதவைத் திறந்து எதிர்வீட்டுத் தெருவிளக்கைப் பார்ப்பாள்.

முதலில் அவள் பண்ணிய படங்களைப் பார்த்தேன். ஒரே படத்தில் பதினாலு வரி! "கடைசி பெஞ்சு பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டு, போனைக் கூடத்துக் கோடியில் வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து படிக்கச் சொன்னேன். பதினாலு வரி ஐந்து வரியாயிற்று. லேபில் வெயில் அடித்துத் திரை வெளுத்துப் போகிறது என்றதும் பீரோவிலிருந்து இரண்டு பழைய கரும்பச்சைப் பருத்திப் புடவைகளை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு அதுவே திரைச்சீலை.

அப்படியும் முதல் நாள் வகுப்பு சோபிக்கவில்லை. வீடியோ போட்டிருக்கிறாள். பிள்ளைகள் சினிமா பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். முடிந்ததும், "உடம்பிலிருந்து வர்ற ரத்தம் முதல்ல எங்கே போகும்?" என்று கேட்டால் நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், படத்துல இடது பக்கத்தைக் காட்டிட்டு வலதுன்னு சொல்றீங்களே?" என்று கேட்டிருக்கிறாள். இவள் திகைத்துவிட்டாள்.

நியாயம்தானே? இதயப் படத்தில் வலது பாகம் நமக்கு இடது கைப் பக்கம் இருக்கும். எதிரே நிற்கிற ஆளின் இதயமாகத்தான் அதை வரைகிறார்கள். அழுதுகொண்டு வந்தவளிடம், "உன் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சோறு ஊட்டறியே, அவன் வலது கை உனக்கு எந்தப் பக்கம்?" என்றேன். சட்டென்று சிரித்துவிட்டாள்.

அடுத்த நாள் திரையை விட்டுவிட்டுப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப் போனாள். சுண்ணாம்புப் பொடியால் பெரிசாக நாலு அறை போட்டாள், மேலே இரண்டு, கீழே இரண்டு. வேப்பமரத்தடிதான் நுரையீரல். நீல ரிப்பன் பிடித்த பிள்ளைகள் வலது மேலறையில் நுழைந்து, வலது கீழறைக்கு இறங்கி, வேப்பமரத்துக்குப் போய், நீலத்தைக் கொடுத்துச் சிவப்பு வாங்கிக்கொண்டு, இடது மேலறை, இடது கீழறை வழியாக உடம்புக்கு ஓட வேண்டும். ஒரு பையன் வலது கீழறையிலிருந்து நேரே இடது கீழறைக்குத் தாவினானாம். மொத்தப் பிள்ளைகளும், "டேய், அங்க சுவரு இருக்குடா!" என்று கத்தினார்களாம்.

அப்புறம்தான் மறுபடி லேபுக்குப் போய் அதே வீடியோவைப் போட்டாள். இப்போது படம் சொல்லுமுன் பிள்ளைகள் சொன்னார்கள். வால்வு மூடுகிற இடத்தில் நிறுத்தி, மெதுவாக ஓட்டிக் காட்டினாள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வுகள் மூடும்போது 'லப்', கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறுகிற வாயிலில் உள்ளவை மூடும்போது 'டப்'. இந்த அசைவைச் சுண்ணாம்புப் பொடியால் காட்ட முடியுமோ? முடியவே முடியாது. அதற்கு வீடியோதான் லாயக்கு.

பள்ளியில் பிள்ளைகள் உள்ள சகோதரிகளுக்கு ஒன்று. 2018-லிருந்து வந்த நம் அரசுப் பாடப் புத்தகங்களில் கறுப்புக் கட்டம் போட்ட சதுரம் அச்சாகியிருக்கும். போனில் தீக்ஷா செயலியை வைத்து அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்கான படம் வரும். நெட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு நெட் இல்லாமலும் பார்க்கலாம். 2023-ல் பள்ளிக் கல்வித் துறை மணற்கேணி என்று ஒரு செயலியும் வெளியிட்டது. தமிழிலும் பாடங்கள் உண்டு. ஆனால் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்து விடாதீர்கள். பாதியில் நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

போன ஞாயிறு அவள் மாமியார் பேரனைப் பார்க்க வந்தார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "அந்த நெஞ்சுப் படத்தை எனக்கும் காட்டேன்" என்றார். இரண்டு தடவை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார், மூன்று கேள்வி கேட்டார். மருமகள் சொன்ன பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பாராட்டு வருமென்று நான் காத்திருக்க, "பையன் இளைச்சுட்டான்" என்றார். என் சாப்பாட்டுக்குக் கிடைத்த சர்டிபிகேட்!

இன்னும் ஐந்து வாரம் பாக்கி. அடுத்தது ஒன்பதாம் வகுப்புக்குச் சிறுநீரகமாம். வீடியோ தயார். கூடவே என் டீ வடிகட்டியையும் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் காபிக்குள் திரும்பி வந்தால் சரி.