கன்னிமை கேட்கும் கடவுள்

பதினைந்து வயதுப் பள்ளி மாணவி மியாகா, தோழி யூயியோடு நூலகத்தில் ஒரு பழைய சீனப் புத்தகத்தைத் திறக்கிறாள். புத்தகம் அவளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்கே அவள் சுசாகு தெய்வத்தின் பூசாரிணி. ஏழு வீரர்களைத் திரட்டித் தெய்வத்தை வரவழைத்தால் மூன்று வரம். யூ வதாசே வரைந்து 1992 முதல் 1996 வரை 'ஷோஜோ காமிக்' என்ற ஜப்பானியச் சிறுமியர் இதழில் வெளிவந்த 'ஃபுஷிகி யூகி' மங்காவின் கதை இது.

கதை முழுக்கக் காதல்தான். அதைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. காதல் கதை படிக்கும் பெண்களை ஏளனம் செய்ய ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், நம்மிலும் சிலர் உட்பட. என் சண்டை வரத்துக்கு வைத்திருக்கும் நிபந்தனையோடு. பூசாரிணி கன்னியாக இருக்க வேண்டுமாம். ஏழு வீரர்களும் ஆண்கள். அவர்களில் ஒருவரிடமும் இந்தக் கேள்வி இல்லை.

இப்படியொரு விதியைப் போட்டுவிட்டால் எதிரிக்குப் படையே வேண்டாம். அவளைக் 'கெடுத்தால்' போதும். (அந்தச் சொல்லை நாமும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!) ஆகவே வல்லுறவு மிரட்டல் கதையில் திரும்பத் திரும்ப வருகிறது. எதிரித் தளபதி நகாகோ தன்னை வல்லுறவு செய்துவிட்டதாக நம்பி மியாகா உடைந்துபோகிறாள். பிறகு தெரிகிறது, அப்படி எதுவும் நடக்கவில்லை. யூயி கதையும் இதேதான். தன்னை ஆண்கள் சீரழித்துவிட்டதாக நம்பித்தான் அவள் தோழியை வெறுத்து, எதிர்த்தரப்பின் பூசாரிணியாகிறாள். அவளுக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று பின்னால் வெளிப்படுகிறது.

இந்தத் திருப்பங்களைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விடப் பழகியிருக்கிறோம். என்னைக் கேட்டால், கதையின் ஆகக் கொடூரமான பக்கங்கள் இவைதாம். நடந்திருந்தால்? 'நடந்தாலும் உன் தகுதி உன்னுடையதே' என்று சொல்லாமல், 'உனக்கு நடக்கவே இல்லை' என்றுதான் கதை அவர்களைத் தேற்றுகிறது. வாசிக்கும் சிறுமிகளில் உண்மையிலேயே நடந்தவள் ஒருத்தி இருப்பாளே, அவள் எங்கே போவாள்? காதலன் ஏற்றுக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: இங்கே பறிபோவதாகச் சொல்லப்படுவது காதலன் இல்லை, அவளுடைய சக்தி.

நூரிகோவுக்கு நேர்வதும் இதன் இன்னொரு முகம். பெண்ணுடையில் அரசரின் அந்தப்புரத்தில் வாழும், அசாத்திய உடல் வலிமை கொண்ட வீரர்; தொடரிலேயே உயிரோட்டமான பாத்திரம். அந்த உடை செத்துப்போன தங்கையின் நினைவாக என்று ஒரு விளக்கம் வருகிறது. பிறகு கூந்தலை வெட்டி, 'ஆணாகி', மியாகாவைக் காதலித்து, பனிமலையில் சாகிறார். தாமாஹோமே ஏன் ஆணுடை உடுத்துகிறான் என்று எவரும் விளக்கவில்லை.

அந்தக் காலம் அப்படி என்பார்கள். அதே காலத்தில், 1991 முதல் 1997 வரை, நாவோகோ தாகேஉச்சியின் 'செய்லர் மூன்' இன்னொரு சிறுமியர் இதழான 'நகயோஷி'யில் வந்துகொண்டிருந்தது. உசாகிக்குக் காதலன் உண்டு. அவர்கள் காதலித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்காலத்திலிருந்து மகளும் வந்து குதிக்கிறாள். ஹாருகாவும் மிச்சிருவும் இணையர். செத்துப்போன தங்கை யாரும் காரணமாகத் தேவைப்படவில்லை. மகுடம், கல்யாணம், முன்ஜென்ம பந்தம் என்று எனக்குப் பொறுக்காதவை அதிலும் ஏராளம். ஆனால் அப்பாவின் அன்புக்காக அம்மாவோடு அந்த மகள் மல்லுக்கட்டும்போதும் உசாகியின் சக்தி குறையாமல் அப்படியே இருக்கிறது.