ரத்தம் உறைவதிலுமா சிக்கனம்?

ரத்த உறைவுப் பரிசோதனைக்கான ரீஏஜென்ட் (வினைப்பொருள்) புதிய லாட்டாக வந்தாலும் பழைய அளவிலேயே ஓட்டுங்கள், கேலிபரேஷன் ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று மருத்துவமனை ஆய்வகங்களுக்கு மேலிடத்தில் சுற்றறிக்கை விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரீஏஜென்ட்டும் கண்ட்ரோல் பிளாஸ்மாவும் ‘வீணாகின்றன’வாம். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் உறைவுப் பரிசோதனைக் கருவியின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுதாவது நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்.

இதயத்தில் மெக்கானிக்கல் வகைச் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ விழுங்குகிறார்கள். மாத்திரை கூடினால் ரத்தக்கசிவு. குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் முடிவுசெய்வது ஐ.என்.ஆர். என்ற ஒற்றை எண்ணை வைத்து. நீல மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மா எத்தனை நொடியில் உறைகிறது என்பதை மட்டும்தான் கருவி அளக்கிறது. அதை ஆரோக்கியமானவர்களின் சராசரி நொடியால் வகுத்து, ரீஏஜென்ட்டின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஐ. மதிப்பை அடுக்காகப் போட்டால்தான் ஐ.என்.ஆர். வரும். அந்த ஐ.எஸ்.ஐ. லாட்டுக்கு லாட் மாறும். கூட வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கும். சராசரியையும் குறைந்தது 20 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் புதிதாகப் பார்த்தாக வேண்டும். ரீஏஜென்ட்டுக்கு ரீஏஜென்ட் ரிப்போர்ட் மாறிய குழப்பத்தைத் தீர்க்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983-இல் இந்த முறையையே ஏற்றுக்கொண்டது.

ஒருவரின் பிளாஸ்மா 36 நொடியில் உறைகிறது, சராசரி 12 நொடி என்று வைத்துக்கொள்வோம். கருவியில் பழைய லாட்டின் ஐ.எஸ்.ஐ. மதிப்பான 1.0 இருந்தால் ரிப்போர்ட்டில் 3.0 வரும். புதிய லாட்டின் மதிப்பு 1.3 என்றால் அவருடைய உண்மையான ஐ.என்.ஆர். 4.2. மருத்துவர் 3.0-ஐப் பார்த்து அதே மாத்திரையைத் தொடரச் சொல்வார். அவர்மேல் தப்பில்லை. கருவியும் கோளாறு என்று கத்தாது. தவறைக் காட்டிக்கொடுக்கக்கூடியது, சரியான மதிப்பு முன்பே தெரிந்த கண்ட்ரோல் பிளாஸ்மா. அதையும் ‘வீண்’ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்! 2001-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மருத்துவமனை ஆய்வகம் ரீஏஜென்ட்டை மாற்றியபோது ஐ.எஸ்.ஐ. தவறாகப் பதிவாகி, வாரக்கணக்கில் நூற்றுக்கணக்கானோருக்குத் தப்பான ரிப்போர்ட் போனது. உயிர்களும் போயின.

இவர்களுடைய சிக்கனம் நமக்குப் புதிதல்ல. ரத்தவாயுக் கருவியை வாங்கிவிட்டுக் கார்ட்ரிட்ஜுக்குப் பணம் ஒதுக்க மறந்தவர்கள்தானே? அந்தக் கருவி இன்னும் பிளாஸ்டிக் உறை போர்த்தி, தலைமேல் பழைய பதிவேடுகளைச் சுமந்துகொண்டு மூலையில் நிற்கிறது. ரீஏஜென்ட் ஃபிரிட்ஜுக்கு ஜெனரேட்டர் இணைப்பு கேட்டபோது, அதை அலுவலக ஏ.சி.க்குக் கொடுத்தவர்களும் இவர்களே. டெக்னீஷியன் பணியிடங்களைக் காலியாகவே வைத்துக்கொண்டு, இருப்பவர்களுக்கு ‘ரிப்போர்ட் ஏன் தாமதம்’ என்று மெமோ கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் குழு போட்டார்கள். எந்தக் குழுவிலும் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவர்கூட இல்லை. அறிக்கை எங்கே என்றால் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

சுற்றறிக்கையை உடனே திரும்பப் பெறட்டும். விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உருப்படியாக ஏதாவது ஏற்பாடு செய்யட்டும். அதுவரை வெளியே போகும் ஒவ்வொரு ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டிலும், சுற்றறிக்கையில் கையெழுத்திட்ட கனவான்களே கையெழுத்துப் போடட்டும். நாளை ஏதாவது ஆனால் டெக்னீஷியன் தலையில் கட்ட வேண்டாம்.