மூன்று விழுக்காட்டுக்குச் சட்டம் உண்டு, நம் இருபது விழுக்காட்டுக்கு?

பாகலூரிலிருந்து மாலூர் சாலையில் வடக்கே போனால் சிறிது தூரத்தில் கர்நாடகம் வந்துவிடும். எல்லையின் இரு பக்கமும் ஒரே ரூபாய்தான். 2017 ஜூலையிலிருந்து ஒரே ஜிஎஸ்டி. ஆனால் சேரிக்கு வர வேண்டிய பங்கைச் சொல்லும் சட்டம் அந்தப் பக்கம் 2013-இல் வந்தது. இந்தப் பக்கம் வர 2024 ஆனது.

பணத்துக்கான விதிகளை யார் எழுதுகிறார்கள், யார் மீது அவை பாய்கின்றன என்று நாம் கேட்க வேண்டும்.

பல நாடுகள் ஒரே நாணயத்தைப் பயன்படுத்தும் ஐரோப்பாவைப் பாருங்கள். 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தப்படி, பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டையும், கடன் 60 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. ஜெர்மனியும் பிரான்சும் தாண்டின. 2003 நவம்பரில் நிதியமைச்சர்கள் கூடி நடவடிக்கையையே நிறுத்திவைத்தார்கள். அது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2004-இல் சொன்னது. 2005-இல் விதியே தளர்த்தப்பட்டது. 2010-இல் கிரீஸ் சிக்கியபோது மட்டும் ஓய்வூதியமும் சம்பளமும் வெட்டப்பட்டன. ஊருக்கு ஒரு நீதி, சேரிக்கு ஒரு நீதி என்பதை நாம் அறியாதவர்களா?

அதே 3 விழுக்காடு இங்கேயும் சட்டமாக இருக்கிறது. கர்நாடகம் 2002-இலும், ஒன்றிய அரசும் தமிழ்நாடும் 2003-இலும் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றின. ஒன்றியத்துக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக்கடன் வாங்க ஒன்றியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசமைப்பின் 293(3). ஒன்றிய அரசு வரம்பை மீறினால் தடுத்து நிறுத்த அப்படி ஒருவரும் இல்லை. 2020-21-இல் அதன் பற்றாக்குறை 9 விழுக்காட்டைத் தாண்டியது. கொரோனா ஆண்டு, செலவு செய்யத்தான் வேண்டும். அதன் பிறகும் அது 3-க்குத் திரும்பவில்லையே!

இப்போது நம் கணக்குக்கு வருவோம். மக்கள்தொகை விகிதப்படி பட்டியலின மக்களுக்குத் திட்ட நிதியை ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் நாம் 2011 கணக்கெடுப்பின்படி 20 விழுக்காடு. அந்த 20 பல பத்தாண்டுகள் வெறும் வழிகாட்டுதலாகவே கிடந்தது. டெல்லியில் இந்த நிதி 2010 காமன்வெல்த் போட்டிக்குத் திருப்பப்பட்டதை ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கடன்காரருக்குத் தரும் வாக்கு சட்டம், நமக்குத் தரும் வாக்கு சுற்றறிக்கை. இதுதான் நாம் எதிர்க்கும் அநீதி.

சட்டம் வந்தால் போதுமா? போதாது. கர்நாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு, எல்லோருக்குமான பொதுப்பணியில் ஒரு பகுதியைத் தலித்துகளுக்குச் செலவானதாகக் கணக்கு எழுத இடம் தந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2023-இல்தான் அது நீக்கப்பட்டது. இப்போது உத்தரவாதத் திட்டங்களுக்கு இந்த நிதி போகிறது என்று அங்குள்ள தலித் அமைப்புகள் போராடுகின்றன. அவற்றில் தலித்துகளும் பயனாளிகள்தானே என்கிறது அரசு. எல்லோருக்கும் கிடைப்பது குடிமக்கள் என்ற முறையில் நமக்கும் உரியது. அதை நம் தனிப்பங்கில் கழிப்பது, நம் சட்டைப்பையில் எடுத்து நமக்கே தானம் செய்வது.

அந்தப் பாடத்தோடு நம் 2024 சட்டத்தைக் கையிலெடுப்போம். ஒதுக்கீடு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தத் தலைப்பில், எந்த ஊரில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். நம் மாணவர் விடுதிக்கும், நம் தெருவுக்கும், சுடுகாட்டுப் பாதைக்கும் அதில் வந்தது என்ன என்று கிராம சபையில் எழுந்து கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வைப்போம். பொருளாதாரம் நமக்குப் புரியாது என்று யாராவது சொன்னால், 1923-இல் ரூபாயின் சிக்கலையும் 1925-இல் மாகாண நிதியையும் ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர் என்று சொல்லுங்கள். பட்ஜெட் புத்தகமும் நாம் படிக்க வேண்டிய புத்தகம்தான், தோழர்களே.

ஜெய்பீம்!