அட்வான்ஸ் சேமிப்பு இல்லீங்க, அதுவும் வாடகைதான்

சென்னையில் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 45,000. வேளச்சேரி பக்கம் 18,000 வாடகையில் ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு பிடிச்சிருக்கு. "அட்வான்ஸ் பத்து மாசம் தம்பி"ன்னு ஓனர் சொல்றார். அதாவது 1,80,000. உங்க நாலு மாசச் சம்பளம் முழுசா. வேலைக்குச் சேர்ந்த புதுசுன்னா முதல் சம்பளமே வந்திருக்காது. அம்மா நகை அடகுக்குப் போகும், இல்லைன்னா பர்சனல் லோன்.

"காலி பண்ணும்போது திரும்ப வந்துடும்ல?"னு கேட்பீங்க. வரும். ஆனா அதுவரைக்கும் அது ஓனருக்கு நீங்க கொடுத்த வட்டியில்லாக் கடன். 1,80,000-ஐ 7% எஃப்டி-யில் போட்டிருந்தா வருஷத்துக்கு 12,600. மாசத்துக்கு 1,050. அப்போ உங்க உண்மையான வாடகை 19,050. அதே பணத்தை 14% வட்டிக்கு பர்சனல் லோன் வாங்கிக் கொடுத்திருந்தா, முதல் வருஷத்தில் வட்டி மட்டும் மாசம் 2,000-ஐ ஒட்டி வரும். விலைவாசி வருஷம் 5% ஏறுதுன்னு வெச்சுக்கங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதே 1,80,000 கைக்கு வரும்போது, இன்னைக்கு 1,41,000-க்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்கும். பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சது தனி!

சிலர் இதைத்தான் எமர்ஜென்சி ஃபண்டுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. எனக்கு ரொம்பக் கவலை தர்ற விஷயம் இது. வேலை போன மாசம் அந்தப் பணத்தைத் தொட முடியாது. தொடணும்னா வீட்டைக் காலி பண்ணணும். காலி பண்ணாலும் "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தரேன்"பாங்க. நிறைய ஓனர்கள் வாங்கின அட்வான்ஸை எப்பவோ செலவு பண்ணியிருப்பாங்க. அதனால வேற வீடு மாறும்போது பழைய அட்வான்ஸ் அங்கே மாட்டியிருக்க, புது அட்வான்ஸை நீங்க எங்கிருந்தாவது புரட்டணும்.

சட்டம் இருக்கே? இருக்கு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு அது சொல்லுது. ஆனா அந்த வரியோட தொடக்கத்திலேயே ஒரு ஓட்டை: இரண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா அது செல்லும். பத்து மாச அட்வான்ஸ்னு எழுதின அக்ரிமென்ட்டில் கையெழுத்து போட்டீங்கன்னா, சம்மதிச்சவரே நீங்கதான். என்னைக் கேட்டா அந்த விதிவிலக்கையே எடுத்துடணும். ஓனர் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. வாடகை தராம உட்கார்ந்துட்டா வெளியேத்தறது லேசில்ல. அந்தப் பயத்துக்கு மூணு, நாலு மாசம் போதும். பத்து மாசம் கேட்கிறது பயம் இல்ல, பழக்கம்.

அதனால வீடு பார்க்கும்போது வாடகையில் 500 குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டாதீங்க. அட்வான்ஸில் பேசுங்க. "சார், அட்வான்ஸ் நாலு மாசம் வெச்சுக்கலாம், வாடகையில் 500 சேர்த்துத் தரேன்"னு கேளுங்க. ஆறு மாச அட்வான்ஸ், 1,08,000 உங்ககிட்டயே இருக்கும். 7%-ல் அதோட வட்டியே மாசம் 630. பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு அந்த 500-ம் ஹெச்ஆர்ஏ கணக்கில் சேரும். அட்வான்ஸ் எந்தக் காலத்திலும் சேராது. பத்து ஓனரில் ஏழு பேர் முடியாதுன்னுதான் சொல்லுவாங்க. மிச்ச மூணு பேரைத் தேடுங்க. ரொம்ப நாளா காலியா கிடக்கிற வீடா இருந்தா இன்னும் சுலபம்.

எத்தனை மாசத்துக்கு ஒத்துக்கிட்டாலும் அட்வான்ஸை பேங்க் டிரான்ஸ்ஃபரா மட்டும் கொடுங்க. தொகை, எத்தனை நாளில் திரும்ப வரும், பெயின்டிங்குக்கு அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கலாம், இந்த மூணும் அக்ரிமென்ட்டில் இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்க.