சிங்க்குக்கு அடியில 25,000 ரூபாய் போடலாமா?

மாடுலர் கிச்சன் கொட்டேஷனை எப்படிப் படிக்கறதுன்னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுல "ஃபுட் வேஸ்ட் டிஸ்போசர்னு ஒரு வரி இருந்தா அடிச்சிடுங்க"ன்னு ஒரே வாக்கியத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். கொஞ்சம் அவசரம்தான். எல்லாரும் அடிக்க வேண்டியதில்லை. ஆனா மயிலாப்பூர், தி.நகர், அடையார் பக்கம் பிளாட்டுல இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இன்னிக்கும் என் பதில் அதேதான். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக: இது சிங்க் ஓட்டைக்குக் கீழ மாட்டுற மோட்டார் வெச்ச டப்பா. உள்ள மிக்ஸி மாதிரி பிளேடு இருக்கும்னு நினைப்போம், கிடையாது. ஒரு தட்டு சுத்தும். அதுல இருக்கிற உலோகக் கட்டைகள் மிச்ச சாப்பாட்டை சுத்தி இருக்கிற துருவி மாதிரியான வளையத்துல அடிச்சுத் தேய்க்கும். கூழானது தண்ணியோட டிரைனேஜுக்குப் போயிடும். 1927ல அமெரிக்காவுல ரஸீன்ங்கற ஊர்ல ஜான் ஹாம்ஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கண்டுபிடிச்சது. அவர் ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்சிங்கரேட்டர்.

அங்க இதுக்கு ஒரு நியாயம் இருக்கு. பல ஊர்கள்ல குப்பை வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். அழுகற குப்பையை ஏழு நாள் வீட்டுல வெச்சிருக்க முடியுமா? நம்ம நிலைமை வேற. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையார் மண்டலங்கள்ல 2020ல இருந்து உர்பேசர் சுமீத் நிறுவனத்தோட பேட்டரி வண்டி தெருவுக்கு வந்து குப்பை வாங்கிட்டுப் போகுது. அதாவது ஏற்கெனவே நடக்கற வேலைக்கு நீங்க தனியா மெஷின் வாங்கறீங்க.

சரி, கணக்கு. ஓரளவு நல்ல மெஷின் 25,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், அடியில தனி பிளக் பாயிண்ட் 2,000. பத்து வருஷத்துல ஒரு ரிப்பேர் 3,000. மொத்தம் 30,000, மாசம் 250 ரூபாய். கரண்ட் பெரிய விஷயமே இல்லை: அரை ஹெச்.பி. மோட்டாரை தினம் ரெண்டு நிமிஷம் ஓட்டினா மாசத்துக்கு அரை யூனிட் கூட வராது. தண்ணிதான் உறுத்தும். அரைக்கும்போதும், அரைச்ச பிறகு கொஞ்ச நேரமும் குழாய் ஓடணும். தினம் 20 லிட்டர்னு வெச்சா மாசம் 600 லிட்டர். 2019 ஜூன்ல குடத்தோட லாரிக்குப் பின்னாடி ஓடினவங்களுக்கு அந்த 600 லிட்டரோட அருமை தெரியும்.

அதே 25,000 ரூபாயை 7% வட்டியில எஃப்.டி. போட்டா பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 50,000. இப்படியே எல்லாத்துக்கும் வட்டிக் கணக்கு போட்டா காபி கூட குடிக்க முடியாதுன்னு என் மனைவி திட்டுவாங்க. உண்மைதான். வசதிக்குன்னு மாசம் 250 ரூபாய் செலவு பண்றதுல தப்பே இல்லை. என் பயம் அந்த 250 ரூபாயைப் பத்தினது இல்லை, பைப்பைப் பத்தினது.

மயிலாப்பூர்ல எங்க சித்தி வீடு. 80கள்ல கட்டின பிளாட், 12 வீடு, சித்தி தரைத்தளம். மூணாவது மாடி மாமிக்கு பையன் ஆசையா டிஸ்போசர் வாங்கி மாட்டிக் கொடுத்தான். மாமியைக் குறை சொல்ல மாட்டேன், முழங்கால் வலி, குப்பையைத் தூக்கிட்டு இறங்க முடியாது. ஆறு மாசம் நல்லாதான் ஓடிச்சு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில சித்தி வீட்டு சிங்க்ல கீழ இருந்து தண்ணி பொங்கி வந்துச்சு. சாதக் கூழ், கீரை நார், எண்ணெய்ப் பிசுக்கு. அடைப்பு எடுக்க ஆன 4,500 ரூபாயை 12 வீடும் பங்கு போட்டாங்க. மாமி மெஷினாலதான்னு யாராலயும் நிரூபிக்க முடியல. ஆனா அதுக்கப்புறம் மாடிப்படியில பேச்சு நின்னு போச்சு.

இதுல மெஷின் மேல தப்பில்லை. நம்ம சமையல் அப்படி. இட்லி மாவுப் பாத்திரம் கழுவின தண்ணியே காய்ஞ்சா எப்படி ஒட்டும்னு தெரியும்ல? அரைச்ச சோறு அதை விட மோசம். முருங்கைக்காய் சக்கை, வாழைப்பூ மடல், வாழைத்தண்டு நார், தேங்காய் நார், மாங்கொட்டை இதெல்லாம் உள்ள போடவே கூடாது. அப்போ நம்ம வீட்டு ஈரக் குப்பையில பாதிக்குத் தனியா பக்கெட் வெச்சுத்தான் ஆகணும். பக்கெட் இருக்கும்போது மெஷின் எதுக்கு?

நியூயார்க்ல கூட பழைய சாக்கடை தாங்காதுன்னு நகரத்தோட பெரும்பகுதியில இதுக்குத் தடை இருந்துச்சு. சோதனை பண்ணிப் பார்த்துட்டு 1997லதான் எடுத்தாங்க. அங்க கவலை ரோட்டுக்கு அடியில இருக்கிற பைப்பைப் பத்தி. நம்ம பழைய பிளாட்டுகள்ல அது வரைக்கும் போறதுக்குள்ளயே சமையலறை லைன் பிசுக்கு ஏறிச் சுருங்கிக் கிடக்கு.

"குப்பைமேட்டுக்குப் போறதை விட சாக்கடையில போறது நல்லதுதானே?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள்ல கழிவுல இருந்து வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கறாங்க. ஆனா ஈரக் குப்பையைப் பிரிச்சுக் கொடுத்தா அதுல இருந்தும் வாயு எடுக்க சேத்துப்பட்டுல மாநகராட்சியோட பயோ-சிஎன்ஜி ஆலை இருக்கு. நாம பிரிக்காம ஒரே கவர்ல கட்டிக் கொடுக்கறதுதான் பிரச்சனை, அதுக்கு 25,000 ரூபாய் தேவையில்லை. பால்கனி இருந்தா மண்தொட்டியில உரம் போடலாம். நான் போடறேன், முதல் மாசம் கொசு வந்துச்சுங்கறதையும் ஒத்துக்கறேன்.

அப்போ யார் வாங்கலாம்? தனி வீடு, சொந்த சேம்பர், குப்பையை எடுத்துட்டுப் போக ஆள் இல்லாத வயசானவங்க. இவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வாங்கறதுன்னா ஹெச்.பி.யைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஸ்கேலை எடுத்து சிங்க் ஓட்டையை அளங்க. பெரும்பாலான மெஷினுக்கு மூணரை இஞ்ச் வேணும், பழைய சிங்க்ல அது இருக்காது. கிரானைட்டை வெட்டி சிங்க் மாத்தற செலவு கொட்டேஷன்ல வராது. அடியில ஆர்.ஓ. டப்பா, சிலிண்டர் எல்லாம் போக இடம் இருக்கான்னும் பாருங்க. அரைக்கற பாகம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கட்டும். ரீசெட் பட்டன் எங்கே, சிக்கினா எப்படித் திருப்பறதுன்னு மாட்ட வர்றவர்கிட்டயே செஞ்சு காட்டச் சொல்லுங்க. மூடி போட்டுத் திருப்பினாத்தான் ஓடற மாடல் விலை கூட, ஆனா சின்னப் பசங்க இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி.

அமெரிக்காவுல இருந்து சூட்கேஸ்ல கொண்டு வர்ற ஐடியா மட்டும் வேண்டாம். அது 110 வோல்ட், நம்மது 230. டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு வோல்ட்டை இறக்கினாலும் அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50. வாரண்டியும் கிடைக்காது.

பிளாட்டுல இருந்துக்கிட்டு இன்னும் ஆசை விடலன்னா, பிளம்பரைக் கூப்பிட்டு உங்க சமையலறை லைன் எந்த சேம்பருக்குப் போகுது, அதை எத்தனை வீடு பகிர்ந்துக்கறீங்கன்னு திறந்து பார்க்கச் சொல்லுங்க. ஐநூறு ரூபாய் கேட்பார். அப்படியே தரைத்தள வீட்டுக்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அடுத்த வாரம் அதே கொட்டேஷன்ல இருக்கிற சிம்னி வரியைப் பார்க்கலாம்.