நாலு நாவல் ஓடுது… ஒண்ணு எப்போ முடியும்?

நம்ம காலேஜ்ல கதை எழுதுறவங்க நாம நினைக்கிறதை விட அதிகம். லேப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்துல கேரக்டர் பேர் எழுதி வெச்சிருப்பாங்க. போன் நோட்ஸ்ல "அத்தியாயம் 1" இருக்கும். கூகுள் டாக்ஸ்ல "நாவல் ஃபைனல்", "நாவல் ஃபைனல் புதுசு"ன்னு ரெண்டு ஃபைல் கிடக்கும். "என்ன எழுதிட்டு இருக்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஒரு நாவல் பேர் வராது, ஒரு லிஸ்ட் வரும். சோழர் காலத்துக் கதை ஒண்ணு, 30 சதவீதம். செவ்வாய் கிரகத்துல நடக்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன், 20 சதவீதம். ஒரு க்ரைம் த்ரில்லர், "முடியப் போகுது, 70 சதவீதம்". ஹாஸ்டல் காதல் கதை, "அது சும்மா, எப்பவாவது எழுதுவேன்".

இதைக் கிண்டல் பண்ண இந்தக் கட்டுரை இல்ல. ரெண்டு இன்டர்னல் டெஸ்ட்டுக்கும் ஒரு மினி ப்ராஜெக்ட்டுக்கும் நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து கதை எழுதுறதே நல்ல விஷயம். என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான்: பொழுதுபோக்கா நாவல் எழுதுறவங்க ஒரே நேரத்துல நாலு நாவல் எழுதக் கூடாது. ஒண்ணை முடிச்சுட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். இது ஒழுக்கம் பத்தின அட்வைஸ் இல்ல, வெறும் கணக்கு. போட்டுப் பார்த்துடலாம்.

வாரத்துக்கு அஞ்சு நாள், நாளைக்கு 300 வார்த்தை எழுதுறீங்கன்னு வெச்சுக்குவோம். கிளாஸ், அசைன்மென்ட், மெஸ் க்யூ எல்லாம் போக அது மோசமில்லாத வேகம். வாரத்துக்கு 1,500 வார்த்தை. ஒரு நாவல் 45,000 வார்த்தைன்னா 30 வாரம் ஆகும். நாலு நாவலுக்கு 120 வாரம். இது வரைக்கும் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இப்போ ரெண்டு வழி. முதல் வழி, ஒண்ணு முடிச்சு அடுத்தது. 30-வது வாரம் முதல் நாவல் கையில இருக்கும். 60-ல ரெண்டாவது, 90-ல மூணாவது, 120-ல நாலாவது. ரெண்டாவது வழி, இந்த வாரம் சோழர், அடுத்த வாரம் செவ்வாய், அதுக்கு அடுத்த வாரம் க்ரைம், அப்புறம் காதல், மறுபடியும் சோழர். இப்படி எழுதினா முதல் நாவல் முடியுறது 117-வது வாரம். மத்த மூணும் 118, 119, 120.

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது புதுசில்ல, ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங்தான். நாலு வேலையும் ஒரே அளவா இருந்தா ரவுண்ட் ராபின்ல சராசரி டர்ன்அரவுண்ட் டைம் எகிறிடும். இங்கே வரிசையா எழுதினா சராசரி 75 வாரம். மாத்தி மாத்தி எழுதினா 118.5 வாரம். மொத்த உழைப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான். ப்ரொடக்‌ஷன் பக்கம் இருக்கிறவங்க இதையே லிட்டில்ஸ் லா வெச்சுச் சொல்வாங்க. ஜான் லிட்டில் 1961-ல நிரூபிச்ச விதி அது. பாதியில நிக்கிற வேலைகளோட எண்ணிக்கையை, வேலை முடிஞ்சு வெளியே வர்ற வேகத்தால வகுத்தா, ஒரு வேலை உள்ளே கிடக்கிற நேரம் கிடைக்கும். உங்க வேகத்தைக் கூட்ட முடியாது, செமஸ்டர் விடாது. அப்போ குறைக்க முடிஞ்சது, பாதியில நிக்கிறதோட எண்ணிக்கை மட்டும்தான்.

மூணாவது வருஷம் ஆரம்பத்துல எழுத உட்காருறீங்கன்னு வைங்க. டிகிரி முடிய சுமார் 104 வாரம் இருக்கு. வரிசையா எழுதினவர் மூணு நாவலோட வெளியே போவார். மாத்தி மாத்தி எழுதினவர் நாலு அரைகுறையோட போவார். நடுவுல எக்ஸாம், பிளேஸ்மென்ட் எல்லாம் வேற இருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துல அந்த நாலையும் எடுத்து முடிக்கிறவங்க ரொம்பக் குறைவுன்னு நான் நினைக்கிறேன். கதை பழைய போனோடயே போயிடும்.

இதுல இன்னும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் கணக்கைச் சேர்க்கவே இல்ல. மூணு வாரம் கழிச்சு சோழர் கதைக்குத் திரும்பினா, படைத்தலைவனுக்கு எந்தக் கையில காயம், அவன் ராணியை எப்படிக் கூப்பிடுவான், மழை பெஞ்சுதா இல்லையான்னு எல்லாத்தையும் திரும்பப் படிக்கணும். படிக்கும்போது முதல் அத்தியாயம் பிடிக்காது. அதைத் திருத்துவோம். வாரம் முடிஞ்சிடும். "எழுதினேன்"னு திருப்தி இருக்கும், கதை ஒரு அடி நகர்ந்திருக்காது.

அடுத்து அந்த சதவீதம். நாவல்ல 70 சதவீதம்னு சொல்றது எதை? வார்த்தையையா, அத்தியாயத்தையா? ஆரம்பம் எழுதுறது சுகம். ஊரைக் காட்டணும், ஆளை அறிமுகப்படுத்தணும், ஒரு மர்மத்தைத் தொங்க விடணும். ஆனா தொங்க விட்டதை எல்லாம் அவிழ்க்கிறது கடைசிப் பகுதியிலதான். கொலை பண்ணது யாருன்னு உங்களுக்கே தெரியாதப்போ அந்த த்ரில்லர் 70 சதவீதம் இல்ல. சுலபமான 70 முடிஞ்சிருக்கு, கஷ்டமான 30 அப்படியே இருக்கு. நிறைய பேர் சரியா இந்த இடத்துலதான் புதுக் கதை ஆரம்பிக்கிறாங்க. "புது ஐடியா வந்துடுச்சு"ன்னு சொல்வாங்க. பாதி நேரம் ஐடியா வந்ததால இல்ல, பழைய கதையில அடுத்து என்னன்னு தெரியாததாலதான்.

இங்கே ஒரு கேள்வி கண்டிப்பா வரும். "சுஜாதா ஒரே நேரத்துல பல பத்திரிகைக்குத் தொடர் எழுதலையா?" எழுதினார். அவரும் நம்ம ஆள்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிச்சவர், பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதுல அவருக்கும் பங்கு உண்டு. அந்த வேலைக்கு நடுவுலதான் இத்தனை தொடர்களும். ஆனா ஒரு வித்தியாசத்தைப் பாருங்க. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு ஆசிரியர் காத்திருந்தார், பிரஸ் காத்திருந்தது, அடுத்த வாரம் இதழ் கடைக்குப் போயே ஆகணும். கதை எங்கே நின்னாலும் அத்தியாயம் போயாகணும். நம்ம நாலு நாவலுக்கும் யார் காத்திருக்காங்க?

பிரஸ் காத்திருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு சுந்தர ராமசாமியோட 'ஒரு புளியமரத்தின் கதை'யைப் பார்த்தா தெரியும். நாகர்கோவில்ல ஜவுளிக்கடை நடத்திக்கிட்டே எழுதினவர் அவர். அந்த நாவல் முதல்ல 'சரஸ்வதி' பத்திரிகையில தொடரா வந்தது. பத்திரிகை நின்னதும் தொடரும் நின்னுடுச்சு. முழு நாவலா புத்தகம் வந்தது 1966-ல, சில வருஷம் கழிச்சு. அவர் திரும்ப வந்து முடிச்சார், அதனாலதான் இன்னைக்கு நாம அதைப் படிக்கிறோம்.

வேலையும் நாவலும் சேர்ந்து ஓட முடியும்னு காட்ட வெளிநாட்டுல ஆந்தனி டிரோலோப்பைச் சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, தபால் துறை அதிகாரி. காலையில அஞ்சரைக்கே மேஜைக்கு வந்துடுவார். கடிகாரத்தை எதிர்ல வெச்சு, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு கணக்கு. எழுதி முடிச்சுட்டுத்தான் ஆபீஸ். மொத்தம் 47 நாவல். ஒரு நாவலை முடிச்ச மறுநாளே அடுத்ததை ஆரம்பிச்ச ஆள். முடிச்ச மறுநாள்ங்கிறதை கவனிங்க, பாதியில விட்ட மறுநாள் இல்ல. நம்ம காலத்துல ஜெயமோகனோட 'வெண்முரசு' 2014-ல இருந்து 2020 வரைக்கும் தினம் ஒரு அத்தியாயமா இணையத்துல வந்தது. மொத்தம் 26 நாவல். அவ்வளவு பெரிய வேலையும் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணாத்தான் நகர்ந்தது.

ஃபேன்டஸி படிக்கிறவங்க பிராண்டன் சாண்டர்சன் பேரை எடுப்பாங்க. அவரோட வெப்சைட்ல பல புத்தகங்களுக்கும் சதவீதப் பட்டை ஓடும். "அவரே அப்படித்தானே?" அவர் ராத்திரி ஹோட்டல் ரிசப்ஷன்ல வேலை பார்த்துக்கிட்டே எழுதிப் பழகினவர். 2005-ல வெளிவந்த அவரோட முதல் புத்தகம் 'இலான்ட்ரிஸ்', அவர் எழுதின ஆறாவது நாவல். அதுக்கு முன்னாடி அஞ்சு நாவலைக் கடைசி வரி வரைக்கும் எழுதி முடிச்சிருக்கார். அஞ்சு முடிச்ச கைக்கு, ரெண்டு மூணு பட்டை ஓட விடுறது பாரம் இல்ல. ஒண்ணும் முடிக்காத கைக்கு அது பாரம்.

கடைசி வாதம் காஃப்கா. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டு எழுதினவர், மூணு நாவல், மூணும் முடியல. உண்மைதான். ஆனா அவர் 'உருமாற்றம்' மாதிரிக் கதைகளை முடிச்சு, உயிரோட இருக்கும்போதே வெளியிட்டார். முடியாத நாவல்களை நமக்குக் கொடுத்தது மாக்ஸ் பிராட்ங்கிற நண்பர். எரிச்சுடுன்னு காஃப்கா சொல்லியும் கேட்காம, தொகுத்து 1925-ல இருந்து ஒவ்வொண்ணா வெளியிட்டார். நம்ம ரூம்மேட்டுக்கு நம்ம போன் பாஸ்வேர்டே தெரியாது. அந்த நம்பிக்கையில இருக்க வேண்டாம்.

எழுதிட்டே இருக்கும்போது ஒரு கதையில சிக்கிக்கிறது சகஜம், அப்போ வேற எதையாவது எழுதினா மனசு லேசாகும். அதை நான் மறுக்கல. அதுக்கு இன்னொரு நாவல் எதுக்கு? ரெண்டு பக்கத்துல ஒரு சிறுகதை எழுதுங்க. அது ரெண்டு நாள்ல முடியும். முடிக்கிற பழக்கமும் சேர்ந்து வரும்.

சரி, ஏற்கெனவே நாலு ஓடுதே, என்ன பண்ணலாம்? எனக்குத் தோணுறதைச் சொல்றேன்.

முதல்ல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. பெருசா இருக்கிறதை இல்ல, பிடிச்சதைக்கூட இல்ல. எதோட முடிவு உங்களுக்குத் தெரியுமோ அதை. பெரும்பாலும் அது சோழர் காவியமா இருக்காது. "சும்மா எழுதுறேன்"னு சொன்ன ஹாஸ்டல் கதையாத்தான் இருக்கும். அந்த வார்டன், அந்த மொட்டை மாடி, அந்த ஞாயித்துக்கிழமை மெஸ் எல்லாம் உங்களுக்குத் தேடாமலே தெரியும்.

மத்த மூணையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம்: கதை எங்கே நிக்குது, அடுத்து என்ன, முடிவு என்னவா இருக்கலாம். எழுதி மூடிடுங்க. புது யோசனை வந்தா அந்தப் பக்கத்துல ஒரு வரி சேருங்க, அத்தியாயம் ஆரம்பிக்காதீங்க. ஒரு கதை இனி வேண்டாம்னு தோணினா அதையும் தைரியமா முடிவு பண்ணிடுங்க. விட்டுட்டேன்னு தெளிவா சொல்றது, மூணு வருஷம் 20 சதவீதம்னு சொல்லிட்டு இருக்கிறதை விட நிம்மதி.

சதவீதத்தை விட்டுடுங்க. இன்னும் எழுத வேண்டிய காட்சிகள் எத்தனைன்னு லிஸ்ட் போடுங்க. 14 காட்சி பாக்கின்னா அது நிஜமான எண். இந்த வாரம் 13 ஆகுதா இல்லையான்னு பார்த்தா போதும். முதல் டிராஃப்ட் முடியுற வரைக்கும் முதல் அத்தியாயத்தைத் திறக்காதீங்க. ஹீரோ பேரை நடுவுல மாத்தினாலும், புதுப் பேரோட மேலே போங்க.

அப்புறம் காத்திருக்க ஒரே ஒரு ஆளைப் பிடிங்க. விமர்சகர் வேண்டாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி "அடுத்து என்னடா ஆச்சு?"ன்னு கேட்கிற ஒருத்தர் போதும். அவங்கதான் உங்க பிரஸ்.

இதெல்லாம் பண்ணினா நல்ல நாவல் வந்துடுமா? வராமலும் போகலாம். முதல் நாவல் சுமாராத்தான் இருக்கும். ஆனா ஒரு கதையோட நடுப்பகுதி ஏன் தொய்யுது, முதல் அத்தியாயத்துல போட்ட ஒரு சின்ன விஷயம் கடைசியில எப்படி உதவுது, எங்கே நிறுத்தணும்னு எல்லாம் கடைசி வரியை எழுதினவங்களுக்குத்தான் தெரியும். நாலு ஆரம்பம் எழுதினவங்களுக்கு ஆரம்பிக்க மட்டும்தான் தெரியும். சோழர் கதை உங்களுக்கு அவ்வளவு முக்கியம்னா, அதைத் தாங்குற கையை முதல்ல அந்தச் சின்னக் கதையில தயார் பண்ணுங்க.

இந்த இதழுக்கு "எழுதிட்டு இருக்கேன்"னு வர்ற மெயில் நிறைய. "முடிச்சுட்டேன், படிக்கிறீங்களா?"ன்னு வர்ற மெயில் ரொம்பக் கம்மி. அடுத்த செமஸ்டர்ல ரெண்டாவது ரகம் ஒண்ணாவது கூடினா சந்தோஷம். சுமாரா இருந்தாலும் அனுப்புங்க, முழுசாப் படிப்போம்.